விறகடுப்பு, கணப்பு, புகைபோக்கி: வீட்டுல கட்டினவங்க அனுபவம் சொல்லுங்க (கடலூர், பாண்டி பக்கம்)

மஞ்சக்குப்பம் மாடிவீடு

கிரகப்பிரவேசம் முடிஞ்சு நாளாச்சு, அந்த மதியம் மட்டும் மனசை விட்டுப் போக மாட்டேங்குது. பின்கட்டுல விறகடுப்பு, பக்கத்துலயே கொடியடுப்பு, மேல செங்கல் புகைபோக்கி. விடியக்காலையில பால் காய்ச்சினப்ப என்னா இழுப்பு! உள்ள ஒரு இழை புகை நிக்கல. மாமனார் சந்தோஷத்துல மேஸ்திரிக்கு வேட்டி சட்டைக்கு மேல பணமும் வச்சுக் கொடுத்தார்.

மதியம் சாம்பார் கொதிச்சுட்டு இருக்கு. கடல்காத்து திரும்புச்சு. போன புகையெல்லாம் வந்த வழியே இறங்கிடுச்சு. அடுப்பு வாய்க்கு வெளிய நெருப்பு நாக்கை நீட்டுது, அத்தையோட கண்ணாடி வளையல் வரைக்கும். அவங்க கரண்டியைக் கீழ வைக்காம, முந்தானையால ஒரு கண்ணை மூடிக்கிட்டு, இன்னொரு கண்ணால உள்ள எட்டிப் பார்த்து, "யாரோ மேலேர்ந்து ஊதுறாங்கடா"ன்னாங்க.

மேஸ்திரியைக் கேட்டா, "அக்னி மூலையிலதான் அடுப்பு வரணும்னு நீங்கதானே சொன்னீங்க"ங்கறார். தென்கிழக்கு மூலை. அதை ஒட்டி கிழக்கால பக்கத்து வீட்டு ரெண்டு மாடிச் சுவர். இப்ப காலையில விறகு, உச்சி வேளைக்கு மேல கேஸ். இதுமாதிரி யாருக்காவது ஆயிருக்கா?

வில்லியனூர் சூளை

ஆயிருக்கு. ஆனா நீங்க காத்தைக் குறை சொல்றது தப்பு. காலையில தரைக்காத்து மேற்கேர்ந்து வரும், அந்தப் பக்கம் உங்களுக்குத் தடுப்பு இல்ல. மதியம் கடல்காத்து அந்த ரெண்டு மாடிச் சுவரை ஏறிக் குதிச்சு இந்தப் பக்கம் சுருண்டு விழுது. உங்க புகைபோக்கி வாய் சரியா அந்தச் சுருட்டல்ல மாட்டியிருக்கு. உயரத்தைக் கூட்டுங்க, இல்ல இடத்தை மாத்துங்க. வாஸ்து பார்த்தவருக்குப் பக்கத்து வீடு கண்ணுல படலையா?

முந்திரிக்கொல்லை

பண்ருட்டி பக்கம். தானே புயல், 2011 டிசம்பர் 30. கொல்லையில நின்ன முந்திரி, பலா எல்லாம் ஒரே ராத்திரியில படுத்துடுச்சு. கரண்ட் எப்ப வரும்னு தெரியாது, சிலிண்டர் வண்டி ஊருக்குள்ள வர வழியில்ல, விறகு மட்டும் மலை மாதிரி கிடக்கு. புகைபோக்கி வச்ச அடுப்பு எங்க வீட்டுல மட்டும்தான், அதனால தெருவே எங்க பின்கட்டுலதான் சமைச்சது. எரிச்சது பூரா பச்சை மரம்.

கொஞ்ச நாள்ல புகைபோக்கிக் குழாய் இணைப்பு வழியா கறுப்பா ஒண்ணு கசிஞ்சு சுவர்ல இறங்குச்சு. தொட்டா பிசுபிசுன்னு தார். அம்மா சுண்ணாம்பு அடிச்சாங்க, அதையும் தாண்டி வந்துச்சு. அடுத்த பொங்கலுக்கு முன்னாடி காய்ஞ்ச சவுக்கு மிளாறு போட்டுப் பெரிசா எரிச்சப்ப குழாய்க்குள்ளயே பத்திக்கிச்சு. கெடிலம் பாலத்துல ரயில் போறப்ப அடியில நின்னா கேக்குமே, அந்தச் சத்தம், நம்ம தலைக்கு மேல. வெளிய ஓடி வந்து பார்த்தா புகைபோக்கி வாயிலேர்ந்து பொறி கொட்டுது, பக்கத்துல சித்தப்பா வீட்டுக் கீத்துக் கொட்டாய். ஈரச் சாக்கால அடுப்பு வாயை அடைச்சு உட்கார்ந்தோம், தானா அடங்குச்சு. தண்ணி ஊத்தப் போன சித்தப்பாவை அம்மா கையைப் பிடிச்சு இழுத்தாங்க. சூட்டுல குழாய் வெடிச்சிருக்கும்.

அந்தச் சத்தம் மறக்காது.

சொல்தா வீட்டு மருமகன்

நம்ம கதை வேற. எங்க பெரிய மாமா பிரான்ஸ் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கி வந்தவர், பாண்டியில 'சொல்தா'ம்போம். அங்க அவர் வீட்டுல கண்ணாடிக் கதவு போட்ட வார்ப்பிரும்பு கணப்பு. அதே மாதிரி பாண்டி வீட்டு ஹால்ல வேணும்னு ஒரே பிடிவாதம். அங்க பத்து சதுர மீட்டருக்கு ஒரு கிலோவாட்னு கணக்குப் போட்டு வாங்குவாங்களாம். அதே கணக்கை நம்ம ஹாலுக்கும் போட்டு, ஏழு கிலோவாட் அடுப்பைக் கப்பல்ல வரவழைச்சார்.

மார்கழி மாசம், ராத்திரி. எங்க ஊர்ல மார்கழி விடியல்லகூட இருபது டிகிரிக்குக் கீழ இறங்குறது அபூர்வம். மாமா கோட்டு போட்டுக்கிட்டு நெருப்பு மூட்டினார். கண்ணாடிக்குள்ள நெருப்பு ஆடுறது அழகுதான், பொய் சொல்லக்கூடாது. கொஞ்ச நேரத்துல அத்தை எழுந்து போய் ஏசியைப் போட்டாங்க. மாமா ஒண்ணும் பேசல, கோட்டு பட்டனைக் கழட்டிட்டு கண்ணாடியையே பார்த்துக்கிட்டிருந்தார், நெத்தியிலேர்ந்து வேர்வை மூக்குல சொட்டுது. பக்கத்துல உட்கார்ந்து நானும் வேர்த்தேன், எழுந்திரிக்க மனசு வரல.

இப்ப அது மேல தொட்டிச் செடி இருக்கு. உப்புக்காத்துல கதவுக் கீல் துரு ஏறி இறுகிப்போச்சு.

லாசுப்பேட்டை லட்சணம்

@சொல்தா வீட்டு மருமகன்: இதுக்குப் பேர் வெட்டிச் செலவு. ஊட்டியில, கொடைக்கானல்ல வீடு இருந்தா கணப்பு வைங்க. இங்க எதுக்கு?

சொல்தா வீட்டு மருமகன்

அவர் முப்பது வருஷம் குளிர்ல நின்னவர். எதுக்குன்னு உங்களுக்குப் புரியாதுங்க. விடுங்க.

ஓய்வு பெற்ற அடுப்பு வாத்தியார்

என் அனுபவம் ஒரு வரி: புகையில்லா அடுப்புப் பயிற்சிக்காகக் கிராமம் கிராமமாகச் சுற்றினேன், ஒரு பாட்டி அடுப்புக் கட்டிய களிமண்ணை என் சட்டையிலேயே துடைத்துவிட்டு "நீ சமைச்சிருக்கியா தம்பி?" என்று கேட்டார். நிற்க.

மேலே எழுதியவர்கள் எல்லோருமே அடுப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள். திட்டமிட வேண்டியது புகைபோக்கியை. சூடான காற்று லேசானது, அதனால் மேலே போகிறது. குழாய் எவ்வளவு உயரமோ, எவ்வளவு சூடாக இருக்கிறதோ, அவ்வளவு இழுக்கும். பொதுவான கணக்கு இது: கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்திலிருந்து குறைந்தது மூன்று அடி உயரம் வேண்டும், பக்கவாட்டில் பத்து அடிக்குள் இருக்கிற எதைவிடவும் இரண்டு அடி உயர்ந்திருக்க வேண்டும். பத்து அடிக்குள் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதுவும் கணக்கில் வரும். நம் ஊர் மொட்டைமாடிகளில் சின்டெக்ஸ் தொட்டிக்குக் கீழே புகைபோக்கி ஒளிந்துகொண்டிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். மஞ்சக்குப்பத்துக்காரருக்கு இந்தக் கணக்கும் போதாது, பக்கத்துச் சுவர் இரண்டு மாடி உயரம் என்பதால் அதைத் தாண்டியே ஆக வேண்டும். அவ்வளவு உயரம் தூக்க முடியாவிட்டால் மேற்குப் பக்கம் கொண்டுபோவதே மேல். குழாயை வளைக்காதீர்கள். அழகுக்காகச் சுவருக்குள் இரண்டு திருப்பம் வைத்தால் அங்கேதான் கரி தங்கும். மழைக்கு மேலே மூடி வேண்டும், ஆனால் மூடியை வாயோடு ஒட்டி வைத்தால் புகை எங்கே போகும்? வருஷத்துக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன், கயிற்றில் முட்புதரைக் கட்டி மேலிருந்து கீழே இழுத்துச் சுத்தம் செய்யுங்கள். அதற்காகக் குழாயின் அடியில் ஒரு சின்னக் கதவு விட்டுக் கட்டச் சொல்லுங்கள். எந்த மேஸ்திரியும் தானாக விட மாட்டார்.

விறகு. பச்சை விறகில் கிட்டத்தட்டப் பாதி எடை தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே நெருப்பின் பலம் போய்விடும், குழாய் சூடேறாது, புகை பாதி வழியில் குளிர்ந்து தாராகப் படியும். பண்ருட்டி நண்பர் வீட்டில் நடந்தது அதுதான். சவுக்கை வெட்டிப் பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கம் திறந்து, ஆறு மாதமாவது காற்றாட அடுக்குங்கள். தார்ப்பாயால் முழுசாகப் போர்த்தினால் உள்ளேயே வேகும். இரண்டு துண்டைத் தட்டினால் 'ணங்' என்று கேட்க வேண்டும், 'தொப்' என்றால் இன்னும் ஈரம். முந்திரிக் கொட்டை ஓட்டை வீட்டு அடுப்பில் போடாதீர்கள், அதன் எண்ணெய்ப் புகை கண்ணையும் தோலையும் எரிக்கும்.

சின்னக் குடும்பம் என்றால் 'ராக்கெட் அடுப்பு' பாருங்கள். 1980களில் அமெரிக்காவில் லாரி வினியார்ஸ்கி வடிவமைத்தது. எல் வடிவத்தில் குறுகலான எரியும் அறை, சுற்றிலும் சூட்டை வெளியே விடாத பூச்சு, விறகின் நுனி மட்டுமே எரியும். சுள்ளி, தென்னைமட்டை போதும். அடுப்பு வாய் அளவுக்கு விறகை நறுக்கப் பொறுமை வேண்டும், அதுதான் தொல்லை.

புவனகிரி ஓடை

வாத்தியாரே, பாட்டி கேட்ட கேள்விக்கு நீங்க பதில் சொல்லவே இல்லையே.

அரசாங்கத்தோட புகையில்லா அடுப்புத் திட்டத்துல உங்க அடுப்பு எங்க வீட்டுக்கும் வந்துச்சு. ரெண்டு குழி வச்சது. முதல் குழியில சோறு, ரெண்டாவது குழியில வைக்க ஒண்ணும் இல்லன்னா அது வழியாப் புகை நேரா மூஞ்சிக்கு வரும். எங்கம்மா சோத்துப் பானை அந்தக் குழிக்குள்ள உட்காராது. ஆஸ்பெஸ்டாஸ் குழாய் கரி பிடிச்சு அடைச்சதும் யாரும் வந்து பார்க்கல. ஒரு நாள் கடப்பாரையால உடைச்சு, அதே மண்ணுல பழைய மூணு குமிழ் அடுப்பைப் போட்டுட்டாங்க. உடைச்சப்ப அம்மா முகத்துல இருந்த நிம்மதியை நான் வேற எப்பவும் பார்க்கல. அந்தத் தேசியத் திட்டம் 2002ல முடிஞ்சே போச்சு. ஏன்னு எங்கம்மாவைக் கேட்டிருந்தா முன்னாடியே சொல்லியிருப்பாங்க.

ஓய்வு பெற்ற அடுப்பு வாத்தியார்

பானை அளவு பார்க்காமல் குழி வைத்தது தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது குழிக்கு ஒரு மண் மூடி கொடுத்திருப்பார்களே?

புவனகிரி ஓடை

கொடுத்தாங்க. உடைஞ்சுது.

ரெட்டியார்பாளையம் ரேவு

நீங்க சண்டை போடுங்க, நான் வேற ஒண்ணு சொல்லிடறேன். ஃபெஞ்சல் புயல் அன்னிக்கு, 2024 நவம்பர் 30. பாண்டியில ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல மழை. தெருவுல இடுப்பளவு தண்ணி, கரண்ட் இல்ல, சிலிண்டர் தீர்ந்துடுச்சு. நாத்தனார் பரண்லேர்ந்து குமுட்டியை இறக்கி, அடுப்புக்கரி போட்டு மூட்டி, சாரல் அடிக்குதுன்னு ஜன்னல் கதவெல்லாம் சாத்திட்டு ரூமுக்குள்ள வச்சாங்க. குழந்தைக்குப் பால் காய்ச்சணும், ஈரத்துணி வேற காயணும்.

கரி தணலாயிடுச்சு, புகையே இல்ல. கதகதன்னு நல்லாத்தான் இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல எனக்குப் பொட்டு ரெண்டும் விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. பசியாலன்னு நினைச்சேன். குழந்தை வாந்தி எடுத்துச்சு. நாத்தனார் எழுந்து நிக்கப் பார்த்து அப்படியே சுவரோட சரிஞ்சு உட்கார்ந்துட்டாங்க, என்னைப் பார்த்து அர்த்தமில்லாம சிரிக்கிறாங்க. அந்தச் சிரிப்புலதான் எனக்குப் பயம் வந்துச்சு. கதவைத் திறந்து குழந்தையோட மழையில போய் நின்னேன், அவங்களையும் இழுத்துட்டு வந்தேன்.

கார்பன் மோனாக்சைடுன்னு அப்புறம் டாக்டர் சொன்னார். நிறம் இல்ல, வாசம் இல்ல. புகை இல்லன்னு நம்பித்தானே உள்ள வச்சோம்.

வில்லியனூர் சூளை

ரேவு அக்கா, நல்லவேளை. எங்க தாத்தா காலத்துல நெய்வேலி லெகோ கரி (பழுப்பு நிலக்கரியில செஞ்ச கட்டி) எரிச்சப்பவும் இதே எச்சரிக்கைதான், குமுட்டியைத் திண்ணையில வச்சு, தணலானாலும் உள்ள கொண்டு வரக்கூடாதும்பாங்க. வாத்தியார் அவ்வளவு நீளமா எழுதினாரே, இது ஒரு வரி வரலையே.

லாசுப்பேட்டை லட்சணம்

அதனாலதான் சொல்றேன், இன்டக்‌ஷன் வாங்குங்க, எல்லாம் முடிஞ்சுது.

ரெட்டியார்பாளையம் ரேவு

கரண்ட் இல்லன்னு மேல எழுதியிருக்கேனே அண்ணா.

மஞ்சக்குப்பம் மாடிவீடு

வாத்தியார் ஐயா, மேற்குப் பக்கம் கொண்டுபோகலாம்னு மேஸ்திரிகிட்ட சொன்னேன். அப்ப கூரைக்கு அடியில படுக்கைவாட்டுல பன்னண்டு அடி குழாய் போகணுங்கறார். அது இழுக்குமா?

ஓய்வு பெற்ற அடுப்பு வாத்தியார்

இழுக்காது. படுத்த குழாயில் கரிதான் சேரும். அடுப்பையே நகர்த்துங்கள்.

மஞ்சக்குப்பம் மாடிவீடு

மாமனார்கிட்ட நீங்களே பேசுறீங்களா?