மார்ச் 25 கிரேக்கச் சாப்பாடு: உப்பு மீன், பூண்டு மசியல்

கேள்வி: கிரேக்க சுதந்திர நாளன்று பகல்யாரோஸும் (மாவில் தோய்த்துப் பொரித்த உப்பு காட் மீன்) ஸ்கோர்தல்யாவும் (பூண்டு மசியல்) செய்யப் போகிறேன். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான தவக்காலத்தில் மீன் எப்படிச் சாப்பிடலாம்? மசியல் பசையாகிவிடாமல் இருக்க என்ன வழி?

பதில் 1: ஒட்டோமான் ஆட்சிக்கு எதிரான 1821 எழுச்சியை நினைவுகூரும் அந்த நாளை 1838-இல் தேசிய விழாவாக அறிவித்தார்கள். அதே நாள்தான் மங்கள வார்த்தைத் திருநாள், அதாவது இயேசு பிறப்பார் என்று வானதூதர் மரியாளிடம் சொன்னதைக் கொண்டாடும் நாள். ஆர்த்தடாக்ஸ் தவக்காலத்தில் மீன் சாப்பிட அனுமதி உள்ள நாள்கள் இரண்டே: இதுவும், ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறான குருத்து ஞாயிறும். கடலுக்குத் தொலைவான மலைக் கிராமங்களுக்குக் கெடாமல் போய்ச் சேர்ந்தது உப்பிட்ட காட் மீன். அதனால் அதுவே வழக்கமாகிவிட்டது.

மீனைத் துண்டாக்கி, தோல் மேலே இருக்கும்படி குளிர்ந்த நீரில் போட்டு, ஃபிரிட்ஜில் 24 முதல் 36 மணி நேரம் வையுங்கள். நான்கைந்து முறை தண்ணீர் மாற்றுங்கள். நடுச்சதையில் துளி கிள்ளி நாக்கில் வைத்துப் பாருங்கள். ஓரம் உப்பு விட்டிருந்தாலும் நடுவில் கரிக்கும். பிறகு ஈரம் போகத் துடைப்பது மிக முக்கியம். ஈரம் இருந்தால் மாவு பிடிக்காது, எண்ணெயில் கழன்றுவிடும்.

பதில் 2: மசியலுக்கு மிக்ஸி வேண்டவே வேண்டாம். அதன் வேகத்தில் உருளைக்கிழங்கின் மாவுச்சத்து வெளியேறிக் கோந்து போலாகிவிடும். 4 பல் பூண்டை உப்போடு உரலில் நைய இடியுங்கள். வெந்த கிழங்கு அரை கிலோவைச் சூடாகவே மசித்துச் சேர்த்து, 120 மில்லி ஆலிவ் எண்ணெயையும் 2 மேசைக்கரண்டி வினிகரையும் மாறி மாறிச் சிறுகச் சிறுக ஊற்றிக் கிளறுங்கள்.

பதில் 3: கிழங்குக்குப் பதில் ஊறவைத்துப் பிழிந்த பழைய ரொட்டியும் வால்நட்டும் போடலாம். ருசியில் அதுதான் ஒரு படி மேல்.