சுவரில் ஏறும் ஈரம்: 'கசிவு' வேண்டாம், 'ஏறோதம்' எனலாமா?

அன்புள்ள குழுவினர்க்கு,

வணக்கம். ரைசிங் டேம்ப் என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இழையை முழுதும் படித்தேன். பழைய கட்டடங்களில் தரையிலிருந்து கல், செங்கல் வழியாக ஏறும் ஈரத்தை 'நீர்க்கசிவு' என்றே சொல்லிவிடலாம், மக்களுக்குப் பழகிய சொல்தானே என்று மயிலாப்பூர் நண்பர் எழுதியிருந்தார். பழகிய சொல்லைத் தேடும் அவர் எண்ணம் எனக்கும் பிடித்ததே. ஆனால் இந்தச் சொல் கட்டடத்துக்குக் கேடு செய்யும் என்று அஞ்சுகிறேன்.

கசிவு என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அடைத்தால் நின்றுவிடும் என்றுதான் மனம் போகும். இங்கே ஓட்டை எதுவும் இல்லை. கல்லுக்குள் இருக்கும் நுண்புழைகளே நீரை மேலே இழுக்கின்றன. புழை குறுகக் குறுக ஏற்றம் கூடும். 0.01 மில்லிமீட்டர் ஆரமுள்ள புழையில் கணக்குப்படி சுமார் ஒன்றரை மீட்டர். ஆரம் அதில் பத்தில் ஒரு பங்கானால் 15 மீட்டர். அந்த உயரம் வரை சுவர்கள் நனையாததற்குக் காரணம், ஏறும் நீரைச் சுவரின் முகம் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பதுதான். ஏறுவதும் உலர்வதும் ஈடாகும் இடத்தில் ஈரம் நின்றுவிடுகிறது.

திருவல்லிக்கேணியில் எங்கள் தாத்தா காலத்துச் செங்கல் வீட்டில் முழங்கால் உயரத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சு பொரிந்து உதிர்ந்தது. கசிவு என்று முடிவுகட்டி இடுப்பளவுக்குச் சிமெண்ட் பூசினோம். உலர வழியில்லாத ஈரம் சிமெண்டைத் தாண்டி ஏறி, இரண்டே மழைக்காலத்தில் தோளுயரத்தில் உதிர்க்கத் தொடங்கியது. பிறகு வந்த வயதான கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்தார். நகத்தால் ஒரு பொருக்கைப் பெயர்த்து நாக்கு நுனியில் வைத்தார், துப்பினார். "ஓதம் ஏறியிருக்கிறது" என்றார். சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே பூசச் சொன்னார்.

ஆக, சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஓதம் கடலுக்குரியது, பள்ளிப் புவியியல் பாடத்தில் அதற்கு வேறு பொருள் என்று திருவான்மியூர் அம்மையார் எழுப்பிய தடை நியாயமானது. 'ஓத ஏற்றம்' என்று எழுதினால் கடற்கரையில் நிற்பவர் கடல் பொங்குவதாகத்தான் படிப்பார். ஆனால் ஈரம் என்ற பொருளும் ஓதத்துக்கு அகராதியிலேயே உண்டு. நம் வீடுகளில் மழைக்காலத்துத் தரையைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதும் அதைத்தான். எனவே சொல்லை மாற்றாமல் அமைப்பை மாற்றுவோம்: ஏறு + ஓதம் = ஏறோதம். வினைத்தொகை. நேற்று ஏறியது, இன்று ஏறுவது, நாளை ஏறப்போவது எல்லாம் அதில் அடங்கும். ஏறுவரிசை, ஏறுமுகம் என்று அச்சில் பழகிய வடிவம்தான். முன்மொழியப்பட்ட 'சுவரோதம்' காதுக்கு இனிமை. ஆனால் சாரலில் நனைந்த சுவரும் சுவரோதம்தானே? திசை அதில் இல்லை.

ஒரு எல்லையையும் இப்போதே வரைந்துவிட வேண்டும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் அரிப்பை ஏறோதத்தின் தலையில் கட்டக்கூடாது. அது கருங்கல். செங்கல்லைப் போல் நீரைக் குடிக்கும் கல் அல்ல. நீர் நுழைவது பெரும்பாலும் நுண்விரிசல்களிலும் இணைப்புகளிலும்தான். ஏறோதம் மண்ணிலிருந்து சுமந்து வந்து சுவரில் விடும் உப்பும், அங்கே கடற்காற்றோடும் தெறிக்கும் அலைத்துளியோடும் வருகிறது. ஈரக் காகிதக் கூழைக் கல்லின்மேல் அப்பி, அது உலரும்போது உப்பை வெளியே இழுக்க வைக்கும் முறையைத் தொல்லியல் துறையினர் அங்கே கையாண்டிருக்கிறார்கள். கல்லைத் தின்னும் அதே நுண்புழை இழுவையைக் கல்லுக்கு மருந்தாகத் திருப்பிவிட்ட அந்த அறிவை நான் மிகவும் மதிக்கிறேன். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் அடித்தளம் கருங்கல், மேலே மணற்கல். மணற்கல் நீரை உறிஞ்சும் கல். அது நேரே மண்ணில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

உப்புக்கும் இரண்டு சொற்கள் வேண்டும். சுவர் முகத்தில் வெண்மையாகத் தெரிவதை 'உப்புப் பூத்தல்' என்கிறோம். துடைத்தால் போய்விடும், பெரிய தீங்கில்லை. முகத்துக்குப் பின்னால் புழைகளுக்குள்ளேயே படிகமாகி, கல்லை உள்ளிருந்து பிளப்பதுதான் ஆபத்து. அதற்கு 'உள்ளுப்பு' என்பது என் முன்மொழிவு. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் நீர்த்துவிடும், குறைந்தால் மீண்டும் படிகமாகும். சென்னையில் விடியற்காலையில் அந்த அளவைத் தாண்டி நண்பகலில் கீழே இறங்கும் நாட்கள் ஏராளம். அந்த நாட்களில் உள்ளுப்பு ஒருமுறை கரைந்து ஒருமுறை இறுகுகிறது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் கருத்தை எழுதுங்கள். அதற்கு முன் ஒரு வேண்டுகோள்: உங்களுக்குத் தெரிந்த கொத்தனார் ஒருவரிடம் 'ஏறோதம்' என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அவர் "என்ன சொன்னீர்கள்?" என்று திருப்பிக் கேட்டாரா, உடனே சுவரின் அடியைப் பார்த்தாரா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
திருவல்லிக்கேணியிலிருந்து