பரந்தன் சந்திப் பனரும் பதினொரு பேரும்

முத்தையன்கட்டான்:
பரந்தன் சந்தியில் ஆளுயரத்துக்கு ஒரு பனர் கட்டியிருக்கிறார்கள். "எங்கள் மண்ணின் தேசியச் சைக்கிள் சம்பியன்." கீழே, கண்ணாடி போட்டால் மட்டும் தெரிகிற எழுத்தில், "அமெச்சூர், நாற்பது வயதுக்கு மேற்பட்டோர்". நேற்று இங்கே ஒருவர் அந்தப் பட்டம் ஒலிம்பிக் பதக்கத்துக்கு அடுத்தது என்று எழுதிவிட்டுப் போனார். அந்தப் போட்டிக்கு நானும் போயிருந்தேன். கோட்டில் நின்றது பதினொரு பேர். முறிகண்டியில் கச்சான் வாங்கவே இதைவிடக் கூட்டம் நிற்கும்.

பரந்தன் பெடல்:
எழுதியது நான்தான் அண்ணை, பெயரைச் சொல்லியே கேட்கலாம். பதினொரு பேர் இல்லை, பதினான்கு பேர். அந்த மனிசன் விடிய நாலு மணிக்கு இறங்கி முல்லைத்தீவுக்குப் போய்த் திரும்புவார். போக வர நூறு கிலோமீற்றர். பிறகு குளித்துவிட்டு எட்டரைக்கு வேலை. கிழமையில் மூன்று நாள் இப்படி.

முத்தையன்கட்டான்:
பதினொன்று. விரல் விட்டு எண்ணினேன், கால்விரலில் ஒன்றுதான் தேவைப்பட்டது. நாலு மணிக்குப் பால்காரரும்தான் எழும்புகிறார், அவருக்கு யார் பனர் கட்டினது?

ஒட்டுசுட்டான் பெடியன்:
அமெச்சூர் என்றால் யார் என்று முதலில் பேசினால் நல்லது. 1995 வரை உலகச் சைக்கிள் சம்பியன் போட்டியிலேயே சம்பளமில்லாமல் ஓடுகிற அமெச்சூருக்குத் தனி ஓட்டம், தொழிலாக ஓடுகிற தொழில்முறைக்காரருக்குத் தனி ஓட்டம். 1996இல்தான் அந்த அமெச்சூர் ஓட்டம் 23 வயதுக்கு உட்பட்டோர் பிரிவாக மாறியது. பெல்ஜியத்தின் பெரிய சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸ் 1964இல் பிரான்சில் எடுத்தது அமெச்சூர் உலகப் பட்டம், வயது 19. 1993இல் ஒஸ்லோவில் ஜேர்மனியின் யான் உல்ரிக் அமெச்சூர் சம்பியன், அமெரிக்காவின் லான்ஸ் ஆம்ஸ்ரோங் தொழில்முறைச் சம்பியன். இங்கே முப்படை அணிகளில் சம்பளத்தோடு ஓடுகிறவர்களை எதில் சேர்ப்பது?

முத்தையன்கட்டான்:
தம்பி, மெர்க்ஸுக்கு 19, எங்கட ஆளுக்கு 47. மெர்க்ஸ் அதற்குப் பிறகு மூன்று முறை தொழில்முறை உலகப் பட்டம் எடுத்தார். இவர் பிறகு என்ன எடுக்கப் போகிறார், பென்சனா? மெர்க்ஸ் பதினொரு பேரோடு ஓடவும் இல்லை.

மாங்குளம் அக்கா:
பெயர் பதியும் மேசையில் இருந்தது நான். பதினான்கு பேர்.

முத்தையன்கட்டான்:
பதிந்தது பதினான்கு, ஓடினது பதினொன்று. கலியாணக் காட் கொடுத்த கணக்கைப் பந்தியில் இருந்த கணக்காக்காதேங்கோ அக்கா.

மாங்குளம் அக்கா:
மூன்று பேரும் கோட்டைத் தாண்டித்தான் ரயர் காற்றுப் போய் நின்றார்கள். நீங்கள் பிந்தி வந்து மர நிழலில் சோடா குடித்துக்கொண்டு நின்றதை நானும் பார்த்தேன்.

வவுனியாக்காரன்:
ஆம்ஸ்ரோங்கை ஏன் இழுக்கிறீர்கள்? ஊக்கமருந்து எடுத்ததற்காக 2012இல் எல்லாவற்றையும் பறித்துவிட்டார்களே.

ஒட்டுசுட்டான் பெடியன்:
1998 ஆகஸ்டுக்குப் பிறகு எடுத்தவற்றைத்தான். 1993 பட்டம் இன்னும் அவர் பெயரில் இருக்கிறது.

வவுனியாக்காரன்:
கள்ளன் கள்ளன்தான்.

முத்தையன்கட்டான்:
வன்னிக் கதைக்குள் வவுனியா எதற்கு?

வவுனியாக்காரன்:
வவுனியா வன்னி இல்லையா? வன்னித் தேர்தல் மாவட்டத்தில் வாக்குப் போடுவது நாங்கள். கிளிநொச்சி வாக்குத்தான் யாழ்ப்பாணத்தோடு போகிறது.

முத்தையன்கட்டான்:
நான் முல்லைத்தீவு ஐயா, நானும் வன்னி வாக்குத்தான். அதைக் கிளிநொச்சியில் இருக்கிற பரந்தனுக்குச் சொல்லுங்கோ.

பரந்தன் பெடல்:
கதையை மாற்ற வேண்டாம். பெல்ஜியத்திலோ பிரான்சிலோ வீதியோட்டத் தேசியச் சம்பியன் ஆனவர் அடுத்த வருசப் போட்டி வரைக்கும் கொடி நிறச் சட்டையோடு ஓடுவார். பட்டம் போன பிறகும் கைப்பட்டியில் அந்த நிறம் இருக்கும். இவருக்குக் கிடைத்தது ஒரு பனர். அதுவும் நாங்கள் காசு சேர்த்துக் கட்டினது. உங்களுக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

முத்தையன்கட்டான்:
எனக்கா? பெற்றோல் இல்லாத காலத்தில் லுமாலா சைக்கிளில் பின்னுக்கு விறகு, முன்னுக்குப் பிள்ளை என்று குழி றோட்டில் ஓடினவன் நான். அப்போது வன்னி முழுக்கச் சைக்கிள்தான். அந்த நாளில் ஓட்டம் வைத்திருந்தால் உங்கட சம்பியன் நூறுக்குள் வந்திருக்கமாட்டார். இப்போது பதினொரு பேரில் முதலாவது. காசு சேர்த்தீர்களாம்! 2019இல் இரண்டு கிழமைக்கு என்று என்னுடைய பின்சில்லை வாங்கிக்கொண்டு போனவரும் அதில் காசு போட்டாரா?

பரந்தன் பெடல்:
வந்துவிட்டது சில்லுக் கதை! அது கோணல் சில்லு. மூன்று கம்பியும் இல்லை.

முத்தையன்கட்டான்:
தரும்போது எல்லாக் கம்பியும் இருந்தது. கம்பியையும் நீங்கள் எண்ணுகிற மாதிரித்தான் எண்ணியிருப்பீர்கள்.

ஒட்டுசுட்டான் பெடியன்:
முப்படை அணிகள் பற்றிக் கேட்டேனே?

மாங்குளம் அக்கா:
பதிவுக் கொப்பி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வேண்டுமானால் படம் எடுத்துப் போடுகிறேன்.

முத்தையன்கட்டான்:
போடுங்கோ. கொப்பி சைக்கிள் ஓடாது.

பரந்தன் பெடல்:
ஞாயிறு விடிய நாலு மணிக்குப் பரந்தன் சந்தியில் நிற்பார். தைரியம் இருந்தால் புதுக்குடியிருப்பு வரைக்குமாவது அவருக்குப் பின்னால் வந்து பாருங்கோ.

முத்தையன்கட்டான்:
எதில் வர? என் பின்சில்லு உம்மிடம்.