கட்டு பிரித்த பிறகு மடங்காத மூட்டு: இறுக்கித் தளர்த்தும் பயிற்சி (சேலம் வட்டாரப் பிசியோதெரபிஸ்டுகள் மூவரின் பேச்சு)

அம்மாபேட்டை, பிசியோதெரபிஸ்ட்:

நாற்காலியில் உட்கார முழங்கால் 90 டிகிரி மடங்கினால் போதும். தரையில் சம்மணம் போட்டுக் கொலுசு வேலை செய்கிறவர்களுக்கு 120-க்கு மேல் வேண்டும். கடைசி 30 டிகிரியில்தான் எல்லோரும் அவசரப்பட்டு அமுக்குகிறார்கள். அமுக்கினால் தசை எதிர்த்து இறுகும்.

எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்தது உறுதியான பிறகு: குப்புறப் படுக்கவும். கணுக்காலில் துண்டைச் சுற்றி, நுனியைத் தோளுக்கு மேல் கொண்டுவந்து கையில் பிடிக்கவும். முன்தொடை இழுபடும் வரை மடக்கி நிறுத்தவும். இப்போது காலை நீட்டப் பார்க்க வேண்டும், துண்டு விடக்கூடாது. கால்வாசி பலம் போதும், 6 விநாடி. முழுசாகத் தளர்த்தி, 2-3 விநாடி விட்டு, புதிதாகக் கிடைத்த இடம் வரை மெதுவாக இழுத்து 20-30 விநாடி வைக்கவும். இப்படி 3 முதல் 5 முறை. விநாடியை வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். மூச்சை அடக்கி முக்கினால் பிரஷர் ஏறும்.

இடுப்பு மெத்தையை விட்டு எழும்பினால் கூடியதாகத் தெரியும் டிகிரி பொய். முன்தொடைத் தசைகளில் ஒன்று இடுப்பையும் தாண்டிப் போவதால் இது நடக்கிறது. வயிற்றுக்கடியில் தலையணை வைத்தால் அடங்கும். முட்டிச் சில்லு ஆபரேஷன் ஆனவர்கள் சர்ஜன் சொல்லாமல் இதைத் தொடவே கூடாது.

ஏற்காடு:

எஸ்டேட் சரிவுல ஏறி இறங்குறவங்களுக்குக் கணுக்கால்தான் முக்கியம். முட்டியை நீட்டி உட்கார்ந்து, முன்பாதத்துல துண்டு போட்டு, பாதத்தை லேசா கீழே அழுத்தணும், 6 விநாடி. விட்டதும் துண்டை இழுக்கிறதோட நிக்காம, பாதத்தை அவங்களே மேல தூக்கணும். தானா தூக்கினாதான் அந்த அசைவு நடக்கும்போது உதவும். பாதம் வெளிப்பக்கம் திரும்புச்சுன்னா கெண்டைச்சதை இழுபடாது. அதையே முட்டியை மடக்கியும் ஒரு சுற்று செய்யணும். உள்ளே இருக்கிற தசைக்கு இழுப்பு அப்பதான் போகும்.

காலைக் குளிர்ல நேரா ஆரம்பிக்காதீங்க. வெந்நீர் ஒத்தடம் 10 நிமிஷம். சர்க்கரையால கால் மரத்தவங்களுக்குச் சூட்டை இன்னொருத்தர் தொட்டுப் பார்த்த பிறகுதான்.

அஸ்தம்பட்டி:

முழங்கைக்கு அந்தக் கணக்கு செல்லாது. கட்டு பிரித்ததும் எண்ணெய் போட்டு உருவுவதும், கை நீளட்டும் என்று வாளியைத் தொங்கவிடுவதும் இங்கே இன்னும் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். கிழிந்து ரத்தம் கட்டிய தசைக்குள் எலும்பு வளர்ந்துவிடலாம். அப்புறம் கை இருந்ததைவிடக் குறைவாகத்தான் மடங்கும். மறு கையால் தானே தாங்கிக்கொண்டு, மெல்லிய இறுக்கம் மட்டும், நாளில் நாலைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாக. சூடு, புது வீக்கம், குறையும் அசைவு மூன்றும் சேர்ந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

அம்மாபேட்டை:

சரியாகச் சொன்னீர்கள். 1940-களில் டாக்டர் கபாட்டும் பிசியோதெரபிஸ்ட் மார்கரெட் நாட்டும் நரம்பு பாதித்தவர்களுக்காக வளர்த்த முறையிலிருந்து வந்தது இந்த இறுக்கித் தளர்த்தும் பயிற்சி. தசைநாரில் உள்ள உணர்வுறுப்பு தசையைத் தளரச் செய்கிறது என்று அப்போது விளக்கினார்கள். இழுப்பைத் தாங்கும் பழக்கம் கூடுவதே பெரிய காரணம் என்பது இப்போதைய கருத்து. அதனால்தான் பலம் கூட்டுவதால் பலன் கூடுவதில்லை.

மடக்கும்போது கடைசியில் ரப்பர்போல இழுத்தால் இந்தப் பயிற்சி உதவும். கல்லில் இடித்ததுபோல் சட்டென நின்றால் அது எலும்புத் தடை, எத்தனை சுற்று செய்தாலும் நகராது. மூட்டு உறையே சுருங்கிய தோள்பட்டைக்கு இது மட்டும் போதாது, கையால் மூட்டை அசைத்துக் கொடுக்கும் சிகிச்சையும் வேண்டும். செய்த வலி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றால், மறுநாள் பலத்தையும் சுற்றையும் பாதியாக்குங்கள்.