பொருள்: ஊசி தந்த காப்பு குறைந்துபோவதற்கு என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம். மலேரியா ஊசி பற்றி நான் எழுதும் கட்டுரைக்குத்தான் இந்தச் சொல் தேடல்.

'தடுப்பாற்றல் காலாவதி' என்று முந்தைய மடலில் வந்த சொல்லை ஏற்க என்னால் முடியவில்லை. இங்கே கடலூரில் முத்தடுப்பூசியின் ஊக்கத் தவணைக்கு (குறைந்த காப்பைக் கூட்டப் பிறகு போடும் ஊசிக்கு) அடித்த துண்டறிக்கை ஒன்றில் அந்தச் சொல் இருந்தது. இடுப்பில் பிள்ளையோடு வந்த பெண் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, "அப்ப போன வாட்டி காலாவதியான ஊசியத்தான் போட்டீங்களா?" என்று கேட்டார். பிஸ்கட் பொட்டலத்தில் பார்க்கிற சொல் அது. அவர் மேல் பிழையில்லை.

'காப்புத் தேய்வு' என்று புதுவை நண்பர் சொன்னது அழகு. ஆனால் பிறை நாளுக்கு ஒரு கலையாகச் சீராகத் தேயும். மலேரியாவுக்கான ஆர்.டி.எஸ்,எஸ் ஊசி போட்ட ஆப்பிரிக்கக் குழந்தைகளின் எதிர்ப்பொருள் (கிருமியை மடக்க உடல் உண்டாக்கும் புரதம்) அப்படிக் குறையவில்லை. ஒரு பங்கு ஏறத்தாழ 45 நாளில் பாதியாகிறது. மற்றொரு பங்கு பாதியாவதற்கு 591 நாள் பிடிக்கிறது. கெடிலம் கரை மீறினால் தெருத் தண்ணீர் சில நாளில் இறங்கிவிடும், பள்ளக் கொல்லையில் தேங்கியது வாரக்கணக்கில் கிடக்கும். இரண்டையும் 'வடியுது' என்றுதானே சொல்கிறோம்? ஆகவே 'காப்பு வடிதல்' என்பது என் பரிந்துரை. 'வடிவு' என்று சுருக்க வேண்டாம், உருவம் என்று பொருள்பட்டுவிடும்.

எவ்வளவு நாள் நிற்கிறது என்பதற்கு இன்னொரு சொல் வேண்டும். கென்யாவில் இதே ஊசியை மூன்று தவணை போட்ட குழந்தைகளை ஏழாண்டு தொடர்ந்து பார்த்தார்கள். முதலாண்டில் சுமார் 36 விழுக்காடாக இருந்த பயன்திறன் (ஊசி நோயைத் தடுக்கும் அளவு) நான்காம் ஆண்டில் 2.5 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. இதைக் 'காப்புக் காலம்' என்றால் கடைசி நாள்வரை முழுக் காப்பு, மறுநாள் ஒன்றுமில்லை என்று படும். 'காப்பு நிலைப்பு' சரிவருமா?

கடலூர் முதுநகரிலிருந்து

---

அம்மா, வணக்கம்.

தேய்வை விட்டுவிடுகிறேன், வடிதல்தான் பொருத்தம். எனக்குத் தயக்கம் 'காப்பு' மேல். மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டினால் அவிழ்க்கும்வரை முழுக் காவல் என்பது நம் மக்கள் மனத்தில் ஊறியது. இந்த ஊசி அப்படியில்லை. கொசு கடித்து உள்ளே வரும் ஒட்டுண்ணியை ஈரலுக்குள் நுழையுமுன் எதிர்ப்பொருள் மடக்க வேண்டும். அதன் அளவு குறையக் குறைய, தப்பிப் போகும் வாய்ப்பு கூடுகிறது. போட்டுக்கொண்டவர்களும் கொசுவலைக்குள்தான் படுக்க வேண்டும்.

புதுச்சேரியிலிருந்து

---

தம்பி,

கொசுவலை பற்றிச் சொன்னது கட்டுரையிலேயே வரவேண்டியது, சேர்த்துக்கொள்கிறேன். 'காப்பு' பற்றிய அச்சமும் நியாயம். ஆனால் மேல்நிலைப் பள்ளி விலங்கியலில் பிள்ளைகள் 'நோய்த்தடைக்காப்பு' என்றே படிக்கிறார்கள், அதை உதற மனமில்லை. முதலில் வருமிடத்தில் 'நோய்த்தடைக்காப்பு வடிதல்' என்று முழுசாக எழுதி, "முழுக் காவல் அன்று" என அங்கேயே ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். பிறகு 'காப்பு வடிதல்'. நான்காம் தவணைக்கு 'ஊக்கத் தவணை' இருக்கவே இருக்கிறது. 'நிலைப்பு' பற்றி யாரும் இன்னும் வாய் திறக்கவில்லையே?