நாலு வெடித்தது, ஐந்தாவது வெடிக்கவில்லை

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்குவாரியில் சண்டைக் காட்சி. நான் அப்போது கடைசி உதவி இயக்குநர். ஹீரோ ஓடிவர, பின்னால் ஐந்து குண்டு வரிசையாக வெடிக்க வேண்டும். நாலு வெடித்தது, ஐந்தாவது சத்தமே இல்லை. வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது, இன்னொரு டேக் எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்று எல்லாருக்கும் பரபரப்பு, கட் சொன்னதுமே ஆர்ட் டிபார்ட்மென்ட் தம்பி ஒருவன் சாய்ந்த பீப்பாய்களை நிமிர்த்த ஓட ஆரம்பித்துவிட்டான்.

"டேய், அங்கேயே நில்லுடா!" குண்டு வைக்கும் எஃபெக்ட்ஸ் அண்ணன் போட்ட அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

குண்டை வெடிக்க வைக்கும் பெட்டியிலிருந்து சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டார். ஒயரைக் கழற்றி இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்கினார். அப்புறம் கல்லில் உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம். டைரக்டரே வந்து "அண்ணே, லைட் போகுது" என்றார். "போகட்டும் சார், யாரும் கிட்ட போகக் கூடாது" என்றார், அவ்வளவுதான்.

பிறகு தனியாகப் போய்ப் பார்த்தார். நாலாவது குண்டின் அதிர்ச்சியில் ஒயர் அறுந்திருந்தது. ஆனால் ஒயர் அறுந்ததா, உள்ளே மருந்து புகைந்துகொண்டிருக்கிறதா என்று வெளியில் இருந்து பார்த்தால் யாருக்குத் தெரியும்? முனைகளை முறுக்கி வைத்தது, வாக்கிடாக்கி மாதிரி வேறு எதிலிருந்தாவது மின்சாரம் பாய்ந்து பற்றிவிடக் கூடாது என்பதற்காக. குழியில் மருந்து வைக்கும்போதும் பக்கத்தில் செல்போன், வாக்கிடாக்கி எதையும் விட மாட்டார்.

இப்போது ஷெட்யூல் நான் போடுகிறேன். வெடி ஷாட்டைச் சாயங்காலம் வைப்பதே இல்லை, காலையிலேயே முடித்துவிடுவேன். அன்றைக்கு அந்தத் தம்பியை ஓட வைத்தது இறங்குகிற வெயில்தான்.

மறுமொழி 1

நான் காஸ்ட்யூமில் இருக்கிறேன். அடியாள் கூட்டத்துக்கு மலிவாக பாலியஸ்டர் சட்டை எடுத்துக்கொடுப்பது வழக்கம். ஒரு ஷாட்டில் பொறி பட்டு ஒருவர் தோளில் துணி உருகி ஒட்டிக்கொண்டது. யாரோ டூத்பேஸ்ட் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள், வேண்டாம் என்று சண்டை போட்டு, ஒட்டிய துணியைப் பிய்க்க விடாமல் இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரை ஊற்றி, கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி தீக்காயப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். அதற்கப்புறம் வெடி, நெருப்பு என்று ஸ்கிரிப்டில் இருந்தால் பருத்திதான், பட்ஜெட் பற்றி யார் கேட்டாலும் சரி.

மறுமொழி 2

அப்பா செட் தச்சர். மைசூரு பிரீமியர் ஸ்டுடியோவில் 1989 பிப்ரவரி 8 அன்று திப்பு சுல்தான் தொடர் படப்பிடிப்பில் பிடித்த தீயில் 62 பேர் இறந்தார்கள் இல்லையா, அந்தச் செய்திக்குப் பிறகு எந்த ஸ்டுடியோ ஃப்ளோருக்குள் போனாலும் முதலில் இரண்டாவது கதவு எங்கே என்று பார்ப்பார். எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. போன வருஷம் ஒரு இன்டோர் ஷூட்டில், கூட்டம் உள்ளே வரக் கூடாது என்று அந்தக் கதவை வெளியே பூட்டியிருந்தார்கள், உள்ளே மத்தாப்பு ஷாட். திறந்தால்தான் வேலை செய்வோம் என்று தச்சர்கள் எல்லாரும் நின்றோம், திறந்தார்கள். உங்கள் யூனிட்டில் கதவுச் சாவி யாரிடம் இருக்கும்?