மறுமொழி: ரெஜெக்சுக்குத் தமிழில் 'வாய்பாடு' பொருந்துமா?

> "ஒழுங்குக்கோவை" என்றே முடித்துவிடலாம். கணக்குப் பாடத்தில் இயற்கணிதக் கோவை இருக்கிறது, ஒழுங்குப் பலகோணம் இருக்கிறது. இரண்டையும் ஒட்டினால் ரெகுலர் எக்ஸ்பிரஷன்.

வணக்கம் ஐயா. கோப்பில் இன்ன வடிவில் வரும் எழுத்துகளைத் தேடிப் பிடிக்க எழுதும் குறியீட்டு வரிதான் ரெகுலர் எக்ஸ்பிரஷன், சுருக்கமாக ரெஜெக்ஸ். அதற்குத் தமிழ்ப்பேர் என்ன என்பதுதான் நம் பேச்சு.

ஒட்டலாம்தான். ஆனால் அந்த 'ரெகுலர்' எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பாருங்கள். நரம்பு வலைகளைப் பற்றி 1951இல் கணிதவியலர் ஸ்டீபன் கிளேனி எழுதி 1956இல் அச்சான கட்டுரையில் ஒரு வகை நிகழ்வுகளுக்கு இந்தப் பேரை வைக்கிறார், வைத்த கையோடு இதைவிட விளக்கமான சொல் யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள் என்றும் அங்கேயே கேட்டுவிடுகிறார். யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. 1968இல் கணினி அறிஞர் கென் தாம்சன் இதை வைத்து எழுத்தைத் தேடும் முறையை எழுதினார், அது உரைத்திருத்திகளுக்குள் நுழைந்தது, அப்புறம் பேர் நிலைத்துவிட்டது. வைத்தவருக்கே மனம் ஒப்பாத பேரை நாம் ஏன் சொல்லுக்குச் சொல் பெயர்க்க வேண்டும்?

கோவையில் இன்னொரு வம்பும் உண்டு. தரமணி அலுவலகத்தில் ஒருநாள் "கோவைல ஏதோ தப்பு இருக்கு" என்றேன், பக்கத்து இருக்கைத் தம்பி "ஏன் அண்ணா, அங்க மழையா?" என்று கேட்டான்.

பேரை விட்டுவிட்டு, இது செய்யும் வேலையைப் பார்ப்போம். பழைய எழுத்துருக்களிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கட்டுரைக் கோப்புகள் ஒரு மூட்டை என்னிடம் வந்தது. 'கௌரி' என்று கண்ணுக்குத் தெரியும், உள்ளே போய்ப் பார்த்தால் ககரம், எகரக் கொம்பு, பக்கத்தில் தனி ளகரம். 'ஔவை'யும் அப்படித்தான், ஒகரமும் ளகரமும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். தேடினால் கிடைக்காது. சரி, கொம்புக்குப் பின்னால் ளகரம் வந்தால் எல்லாவற்றையும் ஔகாரக் குறியாக மாற்று என்று ஒரே வரியில் எழுதி ஓட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் 2015 டிசம்பர் வெள்ளம் பற்றிய கட்டுரையில் 'வெள்ளம்' என்ற சொல் ஓரிடத்தில்கூட மிஞ்சவில்லை. வெளிச்சம் போச்சு, தெளிவு போச்சு. வேளச்சேரி மட்டும் தப்பியது, அது ஏகாரம் என்பதால்.

பிறகுதான் ளகரத்துக்கு அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் தொடாதே என்று ஒரு நிபந்தனை சேர்த்தேன். நன்றாகவே ஓடியது, ஒரு பேட்டியில் வந்த 'வெளக்கமாறு' வௌக்கமாறாக மாறும் வரை. பேச்சுத்தமிழுக்குத் தனியாக ஒரு விலக்குப் பட்டியல் போட வேண்டியதாயிற்று.

இதில் ஒழுங்கு எங்கே இருக்கிறது? இன்ன எழுத்து, அதற்கு அடுத்து இன்னது, அதற்குப் பின் இன்னது வரக்கூடாது என்று ஒரு வடிவத்தைச் சொல்லிவிட்டு, அதில் அடங்குவதையெல்லாம் பிடித்து வா என்கிறோம், அவ்வளவுதான். நம் யாப்பில் இதற்குப் பேர் ஏற்கனவே இருக்கிறது: வாய்பாடு. தேமா என்றால் மாமரம் இல்லை, நேர் நேர் என்று அமைந்த சீர் எதுவானாலும் தேமா. 'வெள்ளம்' தேமா, 'வெளிச்சம்' புளிமா. பொருள் என்ன என்று வாய்பாடு கேட்பதே இல்லை, எழுத்தின் அமைப்பு மட்டும்தான் அதற்குக் கணக்கு. நேரசை என்பது என்ன? குறிலோ நெடிலோ ஒன்று, பின்னால் ஒற்று இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. அந்த 'ஓ'வுக்கு ரெஜெக்சில் நெடுக்குக்கோடு போடுகிறோம், 'இருந்தாலும் இல்லாவிட்டாலும்' என்பதற்குக் கேள்விக்குறி. குறிலை அடுத்து இன்னொரு எழுத்து சேர்ந்து நிரையாக வழியிருந்தால் நிரையாகவே எடு, குறிலைத் தனியாக நிறுத்தாதே என்பதும் அலகிடும்போது நாம் செய்வதுதானே, குறியீட்டில் நீளமானதை முதலில் எழுதி வைக்கிறோமே, அதே வேலை.

'செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம்' என்றும் இலக்கணத்தில் சொல்வோம், ஆனால் அதை நான் துணைக்கு அழைக்கவில்லை, ஏனென்றால் வந்து, ஓடி, போய் எல்லாம் அதில் அடங்கும். அங்கே எழுத்து வடிவம் அளவுகோல் இல்லை.

ஆகவே முழுப்பேர் 'எழுத்து வாய்பாடு', பேச்சில் வெறும் 'வாய்பாடு'. "ஒரு வாய்பாடு எழுதி அந்த இரட்டை இடைவெளியையெல்லாம் எடுத்துவிடு" என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் உறுத்தவில்லை. ரெஜெக்சுக்குச் சிலர் சொல்லும் 'சுருங்குறித்தொடர்' அழகான சொல்தான், மறுக்கவில்லை, ஆனால் அவசரத்தில் மூன்று முறை சொல்ல முடியவில்லை எனக்கு.

> வாய்பாடு என்றால் பெருக்கல் வாய்பாடுதானே நினைவுக்கு வரும்?

வரட்டுமே. வேதியியலில் மூலக்கூறு வாய்பாடும் இருக்கிறது, இரண்டும் இத்தனை வருடம் சண்டையில்லாமல்தான் இருக்கின்றன. பதின்மூன்றாம் வாய்பாட்டை வைத்து யாரும் கோப்பில் தேடப் போவதில்லை.

நடுவில் ப் போட்டு 'வாய்ப்பாடு' என்று எழுதுவதா என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் போடுவதில்லை, ஆனால் இரண்டும் அச்சில் வருகின்றன, தேடும்போது இரண்டையும் பிடிக்க வேண்டும். இங்கேதான் தமிழுக்கென்றே ஒரு குழி. வாய்ப்?பாடு என்று எழுதினால் போதும் என்று தோன்றும். போதாது. கணினிக்கு ப் ஒரே எழுத்து இல்லை, பகரம் ஒன்று, புள்ளி ஒன்று, கேள்விக்குறி புள்ளியை மட்டும்தான் விருப்பமாக்கும், பகரம் அங்கேயே நிற்கும், 'வாய்பாடு' பிடிபடாது. வாய்(ப்)?பாடு என்று அடைப்புக்குறி போட்டால்தான் சரி. இதே கோளாறால்தான் அ முதல் ஹ வரை எந்த எழுத்தானாலும் பிடி என்னும் பொருளில் [அ-ஹ]+ என்று கொடுத்து 'தமிழ்' என்பதைத் தேடினால் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டாக வருகிறது, இகரக் குறியும் புள்ளியும் அந்த வரம்புக்கு வெளியே இருக்கின்றன. பைத்தான் நிரல்மொழியில் சொல்லெழுத்துக்கான \w குறியைப் போட்டாலும் இதே கதைதான்.

மேட்ச் என்பதற்குப் 'பொருத்தம்' எல்லோருக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். முடிந்தவரை நீளமாகப் பிடிப்பதைச் சொல்லும் க்ரீடிக்குப் 'பேராசை' வேண்டாம், தயவுசெய்து. 'நீள்பொருத்தம்' என்று எழுதி வைத்திருக்கிறேன், அரைமனதுதான். வேறு ஏதாவது தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்றைக்குத்தான் கலைச்சொல் பட்டியலைத் திருத்த உட்காருகிறேன்.